பத்து வயதுக் கம்பியூட்டரில் லினக்ஸ் மின்ட்: கோட்டகலை டீச்சர் ஒருத்தியின் நான்கு மாத அனுபவம்

எங்கள் வீட்டுக் கம்பியூட்டருக்கு எந்த வருத்தமும் இருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2016இல் ஹட்டனில் பாவித்ததாக வாங்கியது. இன்டெல் ஐ3, நான்காம் தலைமுறை. 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆறாம் ஆண்டிலிருந்து ஒன்பதாம் ஆண்டு வரை தமிழ்ப் பாடத்துக்கு நான் அடித்த தவணைப் பரீட்சை வினாத்தாள் எல்லாம் அதில்தான் இருக்கிறது. கொரோனாக் காலத்தில் ஊரில் பாதிப் பிள்ளைகள் சிக்னல் தேடித் தேயிலை மலை உச்சிக்கு ஏறியபோது, என் மகள் வீட்டுக்குள் உட்கார்ந்து ஸூம் வகுப்பு பார்த்தாள் என்றால் அதுவும் இதன் புண்ணியம்தான். இரவு தேயிலை பக்டரியிலிருந்து வந்து கிரிக்கெட் பார்ப்பார் என் வீட்டுக்காரர். அவர் டீமேக்கர், வேலை முடிகிற நேரத்துக்குக் கணக்கே கிடையாது.

அப்படிப்பட்ட கம்பியூட்டர் கடந்த ஒக்டோபரில் ஒரு நாள் திரை முழுவதும் நீலமாகி, "உனக்கு இனிமேல் ஆதரவில்லை" என்ற மாதிரி ஒரு கடிதம் காட்டியது. 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு அப்டேட் நிற்கிறதாம். மகள் வாசித்துக் காட்டினாள். "அப்ப நாளையிலிருந்து ஓடாதா?" என்று கேட்டேன். ஓடும். ஓட்டை விழுந்தால் ஒட்டுப்போட ஆள் இருக்காது, அவ்வளவுதான்.

விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலை 29ஆம் திகதி. அதே வருடம் அந்த நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவரே மேடையில் இதுதான் கடைசி விண்டோஸ் என்று பேசினார், செய்திகளிலும் வந்தது. கடைசி என்பது எங்கள் பக்கத்துக் கடைசி பஸ் மாதிரிதான் போலிருக்கிறது. அது போன பிறகும் ஒரு லொறி வரும். 2021 ஒக்டோபரில் விண்டோஸ் 11 வந்துவிட்டது.

அந்தப் பதினொன்றுக்கு 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் வேண்டும். அது எங்களிடம் உண்டு. ஆனால் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நம்முடையது நான்காம் தலைமுறை. மனிதருக்கு நான்காம் தலைமுறை என்றால் கொள்ளுப்பேரன். கம்பியூட்டருக்கு நான்காம் தலைமுறை என்றால் கொள்ளுத்தாத்தா.

இன்னொரு வாசலும் திறந்திருந்தது. விண்டோஸ் 10ஐ அப்படியே வைத்துக்கொண்டு, 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் நீட்டிக்கலாம். அதற்கு 30 டொலர் கட்ட வேண்டும். அல்லது மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து கம்பியூட்டரின் அமைப்புகளை அதில் சேமித்து வைத்தால் காசில்லை. நல்ல ஏற்பாடுதான். உங்கள் விண்டோஸ் முறைப்படி வாங்கியதென்றால் அதைச் செய்யுங்கள், அந்தத் திகதி வரை தலையிடி இல்லை.

எங்களுடையது முறைப்படி வாங்கியதல்ல. வெட்கப்பட்டுக்கொண்டே சொல்கிறேன். கடையில் கம்பியூட்டர் வாங்கினால் விண்டோஸும் வேர்டும் "போட்டுத் தருவார்கள்". காசு கொடுத்து வாங்குகிற பொருள் அது என்று பல வருடம் எனக்குத் தெரியவே தெரியாது. இந்த முறையாவது நேர்மையாக வாங்குவோம் என்று விலை பார்த்தேன். விண்டோஸ் 11 ஹோம் 139 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால்கூட 41,700 ரூபா. தோட்டத்தில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் அப்போது 1,350 ரூபா. அதாவது கொழுந்து பறிக்கிற ஒருத்தி 31 முழுப்பேர், அதாவது 31 முழுநாள் வேலை, போட்டால் ஒரு விண்டோஸ். அதையும் ஓடாத கம்பியூட்டருக்கு வாங்குவதா?

சரி, டவுனுக்குப் போய்க் கேட்போம் என்று ஒரு சனிக்கிழமை ஆட்டோவில் கம்பியூட்டரை மடியில் வைத்துக்கொண்டு போனேன். எந்த டவுன், எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. அந்தத் தம்பிக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

"இதுல லெவன் ஓடாது டீச்சர். ஆனா நான் ஓட வச்சுத் தாறன்."

"அப்படி ஓட வைக்கலாமா தம்பி?"

"எல்லாருக்கும் அப்படித்தான் போட்டுக் குடுக்கிறம். ரெண்டாயிரத்து ஐந்நூறு."

ஓட வைக்க வழி இருப்பது உண்மைதான். நிறுவுகிறபோது அந்தத் தலைமுறைக் கேள்வியையும் சில்லுக் கேள்வியையும் கேட்காமல் தாண்டிப் போகிற மாதிரிப் பென் ட்ரைவைத் தயாரிக்கலாம். ஆனால் அப்படிப் போட்ட கம்பியூட்டருக்கு அப்டேட் வருமென்று உறுதி சொல்ல முடியாது என்று மைக்ரோசொப்ட்டே எழுதி வைத்திருக்கிறது. அப்டேட் நின்றுவிட்டதே என்றுதானே நான் கடைக்கே போனேன்! இது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. தம்பி சொன்னான், நான் தலையாட்டினேன்.

இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்து போட்டோம். பொத்தானை அழுத்திவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனேன். ஊற்றி, ஆற்றி, குடித்து முடித்து வந்து பார்த்தால் இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. வேர்ட் திறக்க இன்னொரு தேத்தண்ணி. அதற்கு மைக்ரோசொப்ட்டைக் குறை சொல்ல நியாயமில்லை, இந்தக் கம்பியூட்டரில் போடாதே என்று அவர்கள் சொன்னதைப் போட்டது நாங்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு. கடையில் "பெக்கப் எடுத்தாச்சு" என்று சொன்னது டி ட்ரைவை மட்டும்தானாம். டெஸ்க்டொப்பில் நான் வைத்திருந்த "2019" என்ற போல்டர் காணாமல் போயிருந்தது. அந்த வருடத்து மூன்று தவணை வினாத்தாளும், மாணவர் மன்றத்துக்கு எழுதிய இரண்டு நாடகமும் அதற்குள். தம்பியிடம் கேட்டேன். "டெஸ்க்டொப்புல வைக்கக் கூடாது டீச்சர்" என்றான். பிறகு யாருக்காக அந்த இடத்தை வைத்திருக்கிறார்களாம்?

இதெல்லாம் கேட்டுவிட்டுப் பேராதனையில் படிக்கிற அக்கா மகன் வட்ஸ்அப்பில் அழைத்தான். "சித்தி, இனி ஒண்ணும் செய்யாதீங்க. அந்த ஹார்ட் டிஸ்க்குல ஒரு எழுத்துக்கூட எழுதாதீங்க. கழட்டி வையுங்க. நான் சொல்றத மட்டும் வாங்குங்க."

அவன் வாங்கச் சொன்னது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற ஒரு எஸ்எஸ்டி, 256 ஜிபி. 7,800 ரூபா. அதோடு பாவித்த 4 ஜிபி ரேம் ஒன்று, 2,000 ரூபா. இதை வாசிக்கிறவர்கள் வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வையுங்கள்: பழைய கம்பியூட்டர் மெதுவாகப் போகிறதென்றால் பெரும்பாலும் தவறு விண்டோஸில் இல்லை, சுழல்கிற ஹார்ட் டிஸ்க்கில்தான். உள்ளே ஒரு தட்டு சுற்றி, ஒரு முள் அதன் மேல் ஓடி ஓடித் தேட வேண்டும். எஸ்எஸ்டியில் சுற்றுகிற பொருளே கிடையாது. எந்த மென்பொருளைத் தெரிவு செய்வது என்று மண்டையை உடைப்பதற்கு முன் அந்த ஒரு பெட்டியை மாற்றுங்கள். நான் அதை முதலில் செய்யாமல் 2,500 ரூபாவையும் ஒரு போல்டரையும் தொலைத்தேன்.

எஸ்எஸ்டி வந்தாயிற்று. அதில் என்ன போடுவது? அக்கா மகன் சொன்னது லினக்ஸ் மின்ட். விண்டோஸ் செய்கிற வேலையை விண்டோஸ் இல்லாமலே செய்கிற இன்னொரு இயங்குதளம். காசில்லை, உரிமச் சாவி இல்லை, 2006இலிருந்து இருக்கிறது. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் மேல் கட்டியது. பதிப்புகளுக்கெல்லாம் பெண்பிள்ளைப் பெயர். நான் போட்ட 22.2க்கு ஸாரா என்று பெயர். இந்த 22ஆம் வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. அதுவரைக்கும் இந்தக் கம்பியூட்டர் இருந்தால் அதுவே பெரிய காரியம்.

ஆனால் டவுன்லோட் பக்கத்துக்குப் போனால் அங்கேயும் மூன்று தெரிவு. சினமன், மேட், எக்ஸ்எப்சிஈ. மின்ட் என்றால் புதினா, சினமன் என்றால் கறுவா. பலசரக்குக் கடைக்கு வந்துவிட்டோமா என்று நினைத்தேன். மேட் என்பதும் ஓர் இலையாம். தென்னமெரிக்காவில் அதைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துத் தேத்தண்ணி மாதிரிக் குடிப்பார்களாம். "நம்ம வீட்டுக்கு அதுதான் பொருத்தம்" என்றார் டீமேக்கர். பெயரைப் பார்த்து மென்பொருள் தெரிவு செய்கிற ஆள் அவர் ஒருவர்தான் என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு யோசித்தால், மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கும் அவரைவிட அதிகமாகத் தெரியாது. இதுதான் காசில்லாத மென்பொருளில் எனக்குப் பிடிக்காத இடம். கடையில் ஒரே ஒரு விண்டோஸை நீட்டி "இந்தா" என்கிறான். இங்கே மூன்றை வைத்து "எது வேண்டும்?" என்கிறார்கள். ஒன்றையும் தெரியாதவளிடம் தெரிவு செய்யச் சொல்வது மரியாதையா, கைகழுவலா என்று இன்னும் எனக்குத் தீர்மானமில்லை. விடை என்னவோ சின்னதுதான்: உள்ளே இருப்பது ஒன்றே, மேல்சட்டைதான் வேறு. புதிய கம்பியூட்டர் என்றால் சினமன். கிழட்டுக் கம்பியூட்டர் என்றால் எக்ஸ்எப்சிஈ. நான் வாயில் நுழையாத அந்தக் கடைசியை எடுத்தேன்.

கோப்பு 3 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. இரவு 12 மணிக்குப் பிறகு கிடைக்கிற டேட்டாவில், போனை ஜன்னல் கம்பியில் கட்டி வைத்து, இரண்டு இரவில் இறக்கினோம். முதல் இரவு மூன்று மணிக்கு இடி இடித்துக் கரண்ட் போனது. ஒக்டோபர், நவம்பரில் இங்கே அதைத் தவிர வேறென்ன எதிர்பார்ப்பது? அதை ஒரு பென் ட்ரைவில் எழுதி, அந்தப் பென் ட்ரைவிலிருந்தே கம்பியூட்டரைத் தொடக்கினால், எதையும் அழிக்காமல், எதையும் நிறுவாமல் மின்ட்டை ஓட்டிப் பார்க்கலாம். இது பெரிய விஷயம். வைபை எடுக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரிண்டர் தெரிகிறதா என்று அரை மணி நேரம் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் நிறுவினேன். சேலையை உடுத்திப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்கிற மாதிரி.

நிறுவுகிறபோது "டிஸ்க்கை முழுதாக அழிக்கவா?" என்று ஒரு கேள்வி வரும். அந்த இடத்தில் கை நடுங்காதவர்கள் இருக்க மாட்டார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கின் வயரை முன்கூட்டியே கழட்டி வைத்திருந்ததால் எனக்குப் பயமில்லை. உள்ளே இருந்தது வெறும் எஸ்எஸ்டி மட்டும். வீடியோ, பாட்டு ஓடுவதற்கான துணைப் பொருட்களையும் சேர்க்கவா என்று ஒரு சின்னப் பெட்டியில் கேட்கும். அதில் மறக்காமல் சரி போடுங்கள். இருபது நிமிடத்தில் முடிந்தது.

மறுமுறை தொடக்கியபோது தேத்தண்ணிக்கு எழும்பக்கூட நேரம் தரவில்லை. மகள் போனில் கணக்குப் பார்த்தாள், 24 செக்கன்.

அப்புறம் நவம்பர் கடைசியில் டிட்வா புயல். மலை சரிந்து வீடுகள் புதைந்த நாட்கள் அவை. பாடசாலை மூடி, கரண்ட் இல்லாமல், யார் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தோம். கம்பியூட்டர் துணி போர்த்தியபடி மூலையில் கிடந்தது. அதைப் பற்றி அந்த நாட்களில் சொல்ல ஒன்றுமில்லை.

டிசம்பரில் மறுபடி உட்கார்ந்தபோதுதான் உண்மையான சோதனை. டி ட்ரைவ் பெக்கப்பிலிருந்து எட்டாம் ஆண்டு வினாத்தாள் ஒன்றைத் திறந்தேன். "பின்வரும் சொற்களைப் பிரித்து எழுதுக" என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் நெளிந்துகொண்டிருந்தன. ஒரு பக்கமில்லை, நூற்றிநாற்பது வினாத்தாளும் அப்படியே. 2019 போனது போதாதென்று மற்றதும் போய்விட்டதா என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"சித்தி, பயப்படாதீங்க. பைல் நல்லாத்தான் இருக்கு. பாமினி போன்ட் இல்ல, அவ்வளவுதான்."

பாமினியில் அடித்துப் பழகிய டீச்சர்மார் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியாது. நாம் பாமினியில் அடிப்பது தமிழே அல்ல. கம்பியூட்டரைப் பொறுத்தவரை நாம் ஆங்கிலம்தான் அடிக்கிறோம். பாமினி அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் கட்டிவிடுகிறது. "அம்மா" என்று அடித்தால் உள்ளே பதிவாகிறது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். வேஷத்தைக் கழற்றினால் அதுதான் தெரியும். யுனிகோட் என்ற உலகப் பொது முறையில் அப்படியில்லை, அங்கே அகரத்துக்கு அகரம் என்றே ஓர் இலக்கம், மகரத்துக்கு மகரம் என்றே ஓர் இலக்கம். எந்தக் கம்பியூட்டரிலும் எந்தப் போனிலும் அம்மா அம்மாவாகவே இருப்பாள்.

உடனடி வைத்தியம் சுலபம். பழைய கம்பியூட்டரில் இருந்த பாமினி எழுத்துருக் கோப்பை டி ட்ரைவ் பெக்கப்பில் தேடி எடுத்தேன். அதைத் திறந்து இன்ஸ்டோல் என்பதை அழுத்தியதும் வினாத்தாள் எல்லாம் உயிர்த்தெழுந்தன. ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிட வேலை தெரியாமல் "லினக்ஸில் தமிழ் வராது" என்று எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்கள்!

ஆனால் வேஷம் வேஷம்தானே. அந்த வினாத்தாளிலிருந்து இரண்டு வரியைப் பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் ஒட்டினால் மறுபடி எம், கே, அரைப்புள்ளி. கம்பியூட்டரில் "வேற்றுமை" என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. ஆகவே எல்லாவற்றையும் யுனிகோட்டுக்கு மாற்ற முடிவு செய்தேன். பாமினியிலிருந்து மாற்றித் தரும் பக்கங்கள் இணையத்தில் உண்டு. இரவில் ஐந்து வினாத்தாள் என்று கணக்கு. இதில் ஒரு வேடிக்கை. பாமினியில் காற்புள்ளி விசையில்தான் "இ" உட்கார்ந்திருக்கிறது. ஆகவே நீங்கள் ஒழுங்காக 10,000 என்று எழுதியிருந்தால் அதை மாற்றி "10இ000" என்று தரும். நம் நாட்டுச் செய்திகளில் அடிக்கடி இப்படிப் பார்த்திருப்பீர்களே, அந்த மர்மம் இதுதான். ஆங்கில ஏ என்று வினாவுக்கு இலக்கமிட்டிருந்தால் அது "ய" ஆகிவிடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். இன்னும் அறுபது பாக்கி.

அடிக்கிற பழக்கத்தை மாற்றுவதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. மின்ட்டின் கீபோர்ட் அமைப்பில் இலங்கைத் தமிழ் என்று தேடினால் தமிழ்நெட் 99 என்ற விசையடுக்கு கிடைக்கும். மகள் அதைப் பிடித்துக்கொண்டாள், பிள்ளைகளுக்கு அது நல்லது. எனக்கு விரல் படியவில்லை. மென்பொருள் மேலாளரில் ஐபஸ் எம்17என் என்ற ஒன்றை நிறுவினால் ரெங்கநாதன் விசையடுக்கும் வருகிறது. தட்டச்சுப் பொறி வழி வந்த அடுக்கு. பாமினிப் பழக்கமுள்ள கைக்கு அந்நியமாக இல்லை. ஒரு வாரம் தடுமாறினேன், இப்போது திரையைப் பார்க்காமலே அடிக்கிறேன். வேறெந்த விண்டோஸ் மாற்றமும் தராத ஒரு நன்மையை இந்தச் சங்கடம் தந்தது என்றுகூடச் சொல்லலாம். கட்டாயம் இல்லாவிட்டால் நான் பாமினியை விட்டிருக்கவே மாட்டேன்.

வேர்டுக்குப் பதில் லிபரே ஒபிஸ். மின்ட்டோடு சேர்ந்தே வருகிறது. 2010இல் ஓப்பன் ஒபிஸிலிருந்து பிரிந்து வந்தது. என் வேர்ட் கோப்புகளைத் திறந்தது. பல வினாத்தாளில் அட்டவணை கோணலாகி, விடை எழுதும் கோடு அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டிருந்தது. முதலில் திட்டினேன். பிறகு பார்த்தால் தவறு என்னுடையது. ஒழுங்காக டெப் விசையை அழுத்த வேண்டிய இடத்தில் இருபது தடவை இடைவெளி விசையைத் தட்டி வைத்திருக்கிறேன். எழுத்துரு ஒரு நூலளவு மாறினாலும் அது சரியத்தான் செய்யும். சக டீச்சருக்கு அனுப்பும்போது வேர்ட் வடிவத்திலேயே சேமிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் திறக்க முடியாமல் உங்களுக்கு அழைப்பார். அச்சுக்கு என்றால் பிடிஎப் ஆக்கிக் கொடுப்பதே நிம்மதி; மேலே ஒரே ஒரு பொத்தான்.

பிரிண்டர் சொருகியவுடன் தானாகவே தெரிந்தது. சீடி தேடவில்லை. ஆனால் முதல் பத்துத் தாளில் கடைசி வரி வெட்டுப்பட்டது. நிறுவுகிறபோது ஆங்கிலம் என்று கேட்ட இடத்தில் அமெரிக்காவைத் தொட்டுவிட்டேன். அதனால் தாளின் அளவும் அமெரிக்காவின் லெட்டர் அளவாகிவிட்டது. ஏ4 என்று மாற்றியதும் சரி. ஒரு இடத்தில் அவசரப்பட்டுத் தொட்டதற்குப் பத்துத் தாள் தண்டம்.

இனி முடியாதவை. மேக்ரோ, அதாவது பொத்தானை அழுத்தினால் தானாக ஓடுகிற கட்டளைகள், வைத்த எக்ஸெல் படிவம் ஒன்று பாடசாலை வேலைக்கு மாதாமாதம் நிரப்ப வேண்டியிருக்கிறது. லிபரே ஒபிஸில் அது திறக்கும், பொத்தான்கள் வேலை செய்யாது. அதற்காகப் பாடசாலைக் கம்பியூட்டரில்தான் உட்காருகிறேன். உங்கள் தொழிலே அப்படிப்பட்ட எக்ஸெல் என்றால், அல்லது விண்டோஸில் மட்டும் ஓடுகிற கணக்கு மென்பொருளோ போட்டோஷொப்போ என்றால், மின்ட் உங்களுக்கு வேண்டாம். கலியாண அல்பம் செய்கிற பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன். அவர் எட்டாம் தலைமுறைக் கம்பியூட்டர் ஒன்றைப் பாவித்ததாக வாங்கி விண்டோஸ் 11 போட்டுக்கொண்டார். அவருக்கு அதுதான் சரி.

மகளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. உயர்தரம் வர்த்தகப் பிரிவு. அவளுக்கு வேண்டியது பயர்பொக்ஸ், ஸூம், கடந்தகால வினாத்தாள் பிடிஎப். மூன்றும் ஓடுகிறது. வீட்டுக்காரர் வித்தியாசத்தை ஜனவரியில்தான் கவனித்தார். "ஸ்டார்ட் பட்டன் நிறம் மாறியிருக்கே?" என்றார்.

அப்டேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கீழே ஒரு சின்னக் கேடயப் படம். அப்டேட் இருந்தால் அதில் ஒரு புள்ளி விழும். எனக்குத் தோன்றும்போது, டேட்டா இருக்கும்போது அழுத்துகிறேன். வினாத்தாள் பாதியில் இருக்கும்போது தானாக அணைந்து எழும்புகிற வேலை இல்லை. டைம்ஷிப்ட் என்று இன்னொன்று இருக்கிறது, அதை முன்கூட்டியே அமைத்து வைத்திருந்தால், அப்டேட்டில் ஏதாவது பிழையாகிப் போனாலும் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். இன்னும் தேவைப்படவில்லை. ஆனால் அது சிஸ்டத்தை மட்டும்தான் காக்கும், உங்கள் வினாத்தாளை அல்ல. அதற்குத் தனியே பென் ட்ரைவ். நான் இப்போது இரண்டில் வைக்கிறேன், ஒன்று அரிசி டின்னுக்குள். இந்தப் பனியிலும் ஈரத்திலும் அலுமாரியில் வைத்த சீடி எல்லாம் பூஞ்சணம் பிடித்த அனுபவம் உண்டு.

மொத்தச் செலவு எஸ்எஸ்டியும் ரேமும் சேர்த்து 9,800 ரூபா. மின்ட்டுக்குப் பூச்சியம். கடைக்குக் கொடுத்த 2,500ஐ இதில் சேர்க்கவில்லை, அதை நினைத்தால் இன்னும் எரிகிறது. மதிப்பெண் கேட்டால், டீச்சர் கணக்கில் மின்ட்டுக்கு நூற்றுக்கு 78. மூன்று தெரிவில் குழப்பியதற்கும், தமிழ் அடிக்கும் வசதியை நாமே தேடிப் போட வேண்டியிருப்பதற்கும் குறைத்தேன். கெட்டிக்காரப் பிள்ளை, கையெழுத்துதான் கொஞ்சம் திருந்த வேண்டும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பழைய துவாயில் சுற்றி அலுமாரி மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அதன் மேல் விண்டோஸ் எழுதப்பட்டுவிட்டதால் "2019" முழுதாகக் கிடைக்காது, கிடைத்தால் ஏதோ கொஞ்சம் கிடைக்கும் என்கிறான் அக்கா மகன். சித்திரைப் புத்தாண்டுக்கு வரும்போது பார்க்கிறானாம். அதுவரை அதை யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு நாடகத்தில் ஒன்றாவது கிடைத்தால் போதும்.